ஐயா மகள் எழுதிய பழம்

போன வாரம் என் வீட்டுக்காரர் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். "வரும்போது ஒரு டஜன் பயம் வாங்கி வரவும்."

நான் அப்போது உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். இருக்கிற பயம் போதாதென்று டஜன் கணக்கில் வாங்கி வரச் சொல்கிறாரே இந்த மனுஷன் என்று ஒரு நிமிஷம் திகைத்துவிட்டு, அப்புறம் தள்ளுவண்டிப் பக்கம் நடந்தேன். அவருக்கு டைப் அடிக்கப் பொறுமை கிடையாது. போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு பேசுவார், அது எழுதிக்கொள்ளும். அவர் பிறந்தது காவாந்தண்டலம். அந்தப் பக்கத்து நாக்கில் ழ என்ற எழுத்து ஏறி உட்காருவதே இல்லை. பழம் என்று நினைத்துக்கொண்டு பயம் என்றுதான் சொல்வார். போன் பாவம், காதில் விழுந்ததை எழுதியிருக்கிறது. அதுவும் எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்திருந்தால் விவரம் தெரிந்திருக்கும்.

வண்டிக்குப் பக்கத்தில் நின்று நான் தனியாகச் சிரித்த சிரிப்பைப் பார்த்துப் பழக்காரம்மா பயந்துபோனாள். "இன்னா கண்ணு, தானா சிரிச்சிக்கினு கீற? வூட்ல எதனா பேஜாரா?" என்று கேட்டாள். பேஜாரெல்லாம் ஒன்றுமில்லை. எனக்கு அரசி மேடத்தின் ஞாபகம் வந்துவிட்டது. அவ்வளவுதான்.

அரசி மேடத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் நான் வேலை பார்த்த அச்சகத்தைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. புரிந்தாலும் நம்பமாட்டீர்கள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம், சைக்கிள் கடைக்கும் ஒரு டிபன் கடைக்கும் நடுவில் இருந்தது அது. உள்ளே போனால் அச்சு மையும் போண்டா எண்ணெயும் கலந்த ஒரு வாசனை அடிக்கும். இன்றைக்கும் எங்கேயாவது போண்டா பொரிகிற வாசனை வந்தால் என் விரல்கள் தானாகத் தட்டச்சு அடிக்கப் போகின்றன. பெருநகரிலிருந்து காலை பஸ் பிடித்து வருவேன். ஊரில் என்னைக் "கம்ப்யூட்டர் பொண்ணு" என்பார்கள். நானும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். இரண்டு கையிலும் ஒவ்வொரு விரலை வைத்துக்கொண்டு கொத்திக் கொத்தி அடிப்பதற்குப் பெயர் கம்ப்யூட்டர் என்றால், எங்கள் வீட்டுக் கோழியும் கம்ப்யூட்டர்தான்.

முதலாளி கன்னியப்பன் அண்ணன். தங்கமான மனுஷன், ஆனால் ஒரு பிடிவாதம் உண்டு. முன்னொரு காலத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி நோட்டீஸில் ஏழுமலை என்பவரை ஏயுமலை என்று அச்சடித்துவிட்டார். சொன்னவர் அப்படித்தான் சொன்னாராம். செத்தவரின் மச்சான்கள் பாடையை நடுவழியில் நிறுத்திவிட்டு அச்சகத்துக்குச் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து அண்ணன் ஒரு சட்டம் போட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு அவர் எனக்குச் சொன்ன முதல் பாடமும் அதுதான்.

"நம்ம ஜனம் ய-ன்னு சொன்னா நீ ழ-ன்னு அடி. கேள்வி கேக்காத. பயனின்னா பழனி, தமியரசின்னா தமிழரசி. புரிஞ்சிதா?"

புரிந்தது. பெரும்பாலும் சரியாகவும் இருந்தது. ஒரே ஒரு தடவை காதுகுத்துப் பத்திரிகையில் குழந்தை பெயர் கயல்விழி என்று வந்தது. அண்ணன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்து, இரண்டு இடத்திலும் ழ இருக்கட்டும் என்று கழல்விழி என்று போடச் சொல்லிவிட்டார். குடும்பமே வந்து கத்தப்போகிறது என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். வந்தார்கள். "புதுப் பேரா கீது, நல்லாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு அதையே வைத்துவிட்டார்கள். அந்தப் பெண் இப்போது பாங்கில் வேலை பார்க்கிறாள். இன்றைக்கும் கழல்விழிதான்.

இனி அரசி மேடம்.

அவர் முழுப் பெயர் மங்கையர்க்கரசி. ஆனால் ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. "ஐயா பொண்ணு" என்பார்கள். ஐயா என்றால் ஐயாதான், வேறு விளக்கம் கிடையாது. டில்லியில் மந்திரியாக இருந்தவர். அவர் பேச எழுந்தால் எதிர்க்கட்சிக்காரர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வருவார்களாம். எங்கள் பக்கத்து ரோடு, ஏரி மதகு, ஆஸ்பத்திரிக் கட்டடம் எல்லாம் அவர் கொண்டுவந்தது. நல்ல மழை பெய்தால்கூட "ஐயா சொல்லி வெச்சிக்கிறாரு" என்பார்கள். பதவியெல்லாம் முடிந்து, திருப்புலிவனத்தில் இருந்த பெரிய வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தார். பார்க்க வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை.

ஐயாவிடம் ஒரு செருமல் உண்டு. பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் தொண்டையைச் சரிசெய்துகொள்கிற ஒரு "க்க்ஹூம்." மேடையில் அதைக் கேட்டால் ஆயிரம் பேர் கூட்டம் வாயை மூடும். வீட்டில் கேட்டால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். சமையல்காரம்மா, தோட்டக்காரர், திருநீறு கொடுக்க வந்த குருக்கள், யாராக இருந்தாலும் சரி. கொட்டகையில் படுத்திருந்த எருமைகூட எழுந்து நின்றது என்று அவருடைய டிரைவர் ஏகாம்பரம் சத்தியம் செய்வார். எருமையை நான் பார்க்கவில்லை. மற்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்படிப்பட்டவருக்கு மகளாகப் பிறந்து எழுத்தாளராக வேண்டும் என்று ஆசைப்பட்டால் என்ன ஆகும்? மேடமே கதைகதையாகச் சொல்வார். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டி. மேடத்துக்கு முதல் பரிசு. பரிசு கொடுக்க வந்த தலைமை விருந்தினர் ஐயா. வரிசையாகக் குழந்தைகள் வருகிறார்கள், ஐயா ஒவ்வொருவரிடமும் கோப்பையைக் கொடுத்துக் கன்னத்தைத் தட்டி "பேர் என்னம்மா?" என்று கேட்கிறார். மேடம் போய் நின்றார். ஐயா கோப்பையைக் கொடுத்தார், கன்னத்தைத் தட்டினார், "பேர் என்னம்மா?" என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க மேடம்?" என்று நான் வாயைப் பிளந்தேன்.

"பேரச் சொன்னேன். 'நல்ல பேரு'ன்னு சொன்னாரு. அவர் வெச்ச பேருதானே!"

அப்புறம் பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் ஐயாவுக்கு எதிரில் உட்கார்ந்து நாட்டு நடப்பு பேசுவார்கள், கேசரி சாப்பிடுவார்கள், ஐயாவோடு போட்டோ எடுத்துக்கொள்வார்கள், ஏதாவது சிபாரிசு கேட்பார்கள், போய்விடுவார்கள். ஒரு மாப்பிள்ளை தெருவரை போய்விட்டு, "வந்த வெசயமே மறந்துபோச்சிங்க" என்று திரும்பி வந்து செருப்பை எடுத்துக்கொண்டு போனாராம். பெண்ணை மறந்தது அவருக்கு ஞாபகமே வரவில்லை. அதோடு மேடம் கல்யாணப் பேச்சை நிறுத்திவிட்டுச் சென்னையில் காலேஜில் வாத்தியார் வேலைக்குப் போனார். அம்மா போனபிறகு ஐயாவைப் பார்த்துக்கொள்ளத் திரும்பி வந்தார்.

நடுவில் கதைகள் எழுதிப் பார்த்தார். சொந்தப் பெயரில் எழுதினால் வம்பு என்று புனைபெயரில் ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினார். கன்றுக்குட்டி செத்துப்போன கதை. படிக்கிறவர்கள் அழுதுவிடுவார்கள், அப்படிப்பட்ட கதை. விலாசத்தைப் பார்த்து யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். கதை வந்தது. மேலே ஐயா கழுத்து நிறைய மாலையோடு சிரிக்கிற படம், "நம் ஐயாவின் அருமை மகள் எழுதியது" என்று கொட்டை எழுத்தில். கீழே கன்றுக்குட்டி செத்துக்கொண்டிருந்தது.

இதெல்லாம் சொல்லும்போது மேடம் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் தன் நாவலை டைப் அடிக்க எங்கள் அச்சகத்துக்கு எடுத்துக்கொண்டு வந்த அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. நான் கொத்திக்கொண்டிருந்தேன், அவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரே ஒரு தடவ, கண்ணு. யாராவது ஒருத்தர் மேடையில 'இவர் எழுத்தாளர் மங்கையர்க்கரசி'ன்னு சொல்லிட்டு அதோட நிறுத்தணும். அப்பா பேரச் சொல்லக்கூடாது. அதக் கேட்டுட்டா எனக்குப் போதும்" என்றார். அப்புறம், ஐயாவை வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே, "நைனா இதப் படிக்கணும். படிச்சா என்ன ஆகுமோன்னு பயமா இருக்கு. ஆனா படிக்கணும்" என்றார்.

எதற்குப் பயந்தார் என்பது எனக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. நாவலின் முதல் வரி இதுதான்: "அப்பா செருமினால் எழுந்து நிற்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருந்த ஒரே வியாதி." ஒரு பெரிய மனிதரின் வீட்டில் பயந்து பயந்தே வளர்ந்த ஒரு பெண்ணின் கதை. திட்டவில்லை, குறை சொல்லவில்லை. பயத்தை மட்டும் எழுதியிருந்தார். சில இடங்களில் நான் சிரித்து அடிக்காமல் விட்டுவிட்டேன், சில இடங்களில் எழுத்து மங்கி வேறு சாவியைத் தட்டிவிட்டேன்.

ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள் தெரியுமா? ஐயா பொண்ணு ஐயாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதுகிறது. வேறு எதை எழுதும்? ஐயாவுக்கும் அதே நம்பிக்கை. வாரத்துக்கு ஒருமுறை ஏகாம்பரம் மொபெட்டில் வந்து ஒரு கவரைக் கொடுப்பார். உள்ளே போட்டோக்கள். "இது ஐயா வெளிநாடு போனப்ப எடுத்தது, கோட்டு போட்டுக்கினு கீறாரு பாரு. இத்த அட்டையில போட்டா எடுப்பா இருக்கும்னாரு." மேடம் அந்தக் கவர்களை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொள்வார். கைப்பை வீங்கிக்கொண்டே போனது.

கடைசியில் பக்கமெல்லாம் திருத்தி முடித்து, தலைப்பு மட்டும் பாக்கி நின்றது. மேடத்துக்கு எதை வைத்தாலும் திருப்தி இல்லை. அட்டை அச்சடித்து பைண்டிங் செய்ய வெளியூருக்கு அனுப்பவேண்டும், அன்று சாயங்காலம்தான் கடைசி. ஏகாம்பரம் மொபெட்டை நிறுத்தாமலே வாசலில் காலூன்றிக்கொண்டு கத்தினார்.

"கன்னியப்பா! பொஸ்தகத்துக்குப் பேரு பயம்னு மேடம் போடச் சொன்னாங்க!"

அண்ணன் எழுந்து வெளியே போனார். "இன்னா பயம்?"

"சும்மா பயம்தான்."

"வாயப்பயமா, மாம்பயமா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. பயம்னு ஒரே சொல்லுதான் சொன்னாங்க. ஐயாவுக்கு மாத்திர வாங்கிக்கினு போவணும், வரட்டா?"

போய்விட்டார். அண்ணன் உள்ளே வந்து என்னிடம், "பழம். ழ போட்டு அடி" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணே, நான்தான் முழுக் கதையும் அடிச்சேன். அதுல பழமே வரல. பயந்தான் வருது, பக்கத்துக்குப் பக்கம் வருது" என்றேன்.

அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இது இன்னா பொஸ்தகம்?"

"நாவல்."

"அப்புறம் இன்னா? நாவல்னா பயந்தானே!"

இதற்கு மேல் நான் என்ன பேசுவது, நீங்களே சொல்லுங்கள். ஆனாலும் அண்ணன் நியாயஸ்தர். சந்தேகம் என்று வந்துவிட்டதே, வீட்டுக்கே போன் போட்டுக் கேட்டுவிடுவோம் என்று டயல் செய்தார். அப்போது எல்லோர் கையிலும் செல்போன் கிடையாது, மேடத்திடமும் இல்லை. வீட்டு போனை எடுத்தது ஐயா. எடுத்தவுடன் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு "க்க்ஹூம்." அண்ணன் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்து நின்றார், இடுப்புத் துண்டைச் சரிசெய்துகொண்டார், "வணக்கங்கய்யா, ராங் நம்பர்ங்கய்யா" என்றார், வைத்துவிட்டார். அப்புறம் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஊதா கலர்ல நாவல் பயமா பாத்து ஒரு கொத்து போடு" என்றார்.

வெளியீட்டு விழா ஆடி மாதத்தில். ஆடியில் யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள், மண்டபம் சும்மா கிடக்கும், அதனால்தான். வாசலில் பேனர். அதில் ஐயா ஆள் உயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மேடம் ஒரு மூலையில், ரேஷன் கார்டில் இருக்கிற அளவுக்கு. புத்தகக் கட்டு வெளியூரிலிருந்து நேராக மண்டபத்துக்கே வந்து இறங்கியது. மேடம் ஆசையாக மேல்தாளைக் கிழித்து ஒன்றை எடுத்தார். ஊதா நிறத்தில் பளபளவென்று ஒரு கொத்து. மேலே பழம். கீழே நாவல்.

மேடம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கண்ணு, இது என்னது?"

"பழம் மேடம்."

"அது தெரியுது. என் பயம் எங்க?"

கன்னியப்பன் அண்ணன் பெருமையோடு முன்னால் வந்தார். "ஏகாம்பரம் வந்து கொயப்பிட்டாரு மேடம். நான்தான் சரி பண்ணேன்."

மேடம் அப்படியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் சிரிக்கிறார். கண்ணில் தண்ணீரும் வருகிறது. இரண்டும் சேர்ந்துதான் வந்தது போலிருக்கிறது. "போகட்டும் விடு" என்றார். "நைனா அட்டையத் தாண்டிப் போகப்போறதில்ல. ஊரும் போகப்போறதில்ல. பழம்னே இருக்கட்டும்." புத்தகத்தைக் கட்டுக்குள்ளேயே திரும்ப வைத்தார்.

விழா தொடங்கியது. முன்னாள் சேர்மன் ஒருவர் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். "நம் ஐயா யார்? பழுத்த அரசியல்வாதி! அதை ஒரே சொல்லில் சொல்லிவிட்டார் அருமை மகள்!" என்றார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அடுத்து வந்தவர் ஐயா ஓர் அனுபவப் பழம் என்றார். அதற்கு அடுத்தவர் காயாகக் கிடந்த உத்திரமேரூரைக் கனிய வைத்தவர் என்றார். எல்லோரும் தலைப்பைப் புகழ்ந்தார்கள், ஒருவரும் உள்ளே திறக்கவில்லை. பழக்கடைக்காரர்கள் சார்பில் இரண்டு பேர் ஒரு வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு வந்து ஐயாவின் மடியில் வைத்தார்கள். பின்வரிசையில் ஒருவர் அட்டையைத் தடவித் தடவிப் பார்த்துப் பக்கத்திலிருந்தவரிடம் குறைப்பட்டுக்கொண்டார். "பயம் நாவல்னு போட்டுக்கிறான். நாவப் பயம்னு போட்டா இன்னா கொறஞ்சா பூடும்?"

ஐயா பேச எழுந்தார். வாழைத்தாரை ஏகாம்பரம் வாங்கிக்கொண்டார். ஐயா முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. தன்னைப் பற்றிய புத்தகம், தன் மகள் கையால். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்தைத் திறந்து, மைக்கில் தன் பார்லிமெண்ட் குரலில் படித்தார்.

"அப்பா செருமினால் எழுந்து நிற்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருந்த ஒரே வியாதி."

கூட்டம் சிரித்தது. ஐயாவும் சிரித்தார். அடுத்த வரியையும் கணீரென்று படித்தார். அதற்கு அடுத்த வரியில் குரல் கொஞ்சம் இறங்கியது. அப்புறம் வாய் மட்டும் அசைந்தது. அப்புறம் அதுவும் நின்றது. மைக்குக்கு முன்னால் நின்றுகொண்டே மனசுக்குள் படிக்க ஆரம்பித்துவிட்டார். பக்கத்தைத் திருப்பினார். இன்னொன்றைத் திருப்பினார். மைக் செட்டுக்காரர் வயர் போய்விட்டதென்று நினைத்து ஊர்ந்து வந்து ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் மேடத்தைப் பார்த்தேன். முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி, விரல் வெளுத்துப்போயிருந்தது.

ஐயா நிமிர்ந்தார். பேசத்தான் நினைத்திருப்பார். பழக்கதோஷம், தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "க்க்ஹூம்."

மண்டபமே எழுந்து நின்றது. சேர்மன், வாத்தியார்கள், பழக்கடைக்காரர்கள், பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள், எல்லோரும். நானும்தான். மேடையில் மேடமும்தான்.

ஐயா எங்களைப் பார்த்தார். கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார். மறுபடி எங்களைப் பார்த்தார். ஒரு மனுஷர் முகத்தில் ஒரு விஷயம் விளங்குவதை அவ்வளவு பக்கத்தில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மெதுவாக மகள் பக்கம் திரும்பினார்.

"அம்மாடி, இதுக்கு நீ பயம்னுதானே பேர் வெச்சே?"

ஐயாவின் தமிழ் மேடைத் தமிழ். அவருக்கு ழ வரும், ய வரும், எல்லாம் பிசகாமல் வரும். அவர் பயம் என்றால் பயம்தான். ஆனால் அது எங்கள் ஜனத்துக்குத் தெரியவேண்டுமே! மைக்கில் விழுந்ததும் மண்டபம் முழுக்க உற்சாகமாகப் பதில் கொடுத்தது. "ஆமாங்கய்யா! பயம்னுதான் போட்டுக்கீது!" பின்னாலிருந்து கன்னியப்பன் அண்ணன் குரல் தனியாகக் கேட்டது. "ழ நான் போட்டதுங்கய்யா!"

ஐயா சிரித்தார். கூட்டத்துக்காகச் சிரிக்கிற சிரிப்பு இல்லை. வயிறு குலுங்கி, கண்ணாடி நழுவி, மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேடமும் சிரித்தார். எதற்கென்று தெரியாமல் ஊரும் சிரித்தது. அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் விஷயம் தெரியும், அப்புறம் எனக்கு.

அன்றைக்கு ஐயா பேசியதுதான் அவர் வாழ்க்கையிலேயே சின்ன பேச்சாக இருக்கும். "உக்காருங்க. இந்தப் புத்தகத்தை எழுதினவர் எழுத்தாளர் மங்கையர்க்கரசி. நான் இன்னும் படிச்சு முடிக்கல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மகள் என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. மேடம் என்னைத் தேடிப் பார்த்தார். எனக்கு மூக்கு ஒழுகியது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை. ஐயாவின் பேச்சைக் கேட்க வந்தவர்களுக்குத்தான் ஏக ஏமாற்றம். "இதுக்கா பெருநகர்ல இருந்து பஸ் ஏறி வந்தோம்? நாஷ்டாகூடத் துன்னாம!" என்று என் ஊர்க்காரர் ஒருவர் புலம்பிக்கொண்டே பந்திக்குப் போனார்.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஐயா நாவலை முழுசாகப் படித்தார். அதோடு வீட்டில் செருமுவதை நிறுத்திவிட்டார். தொண்டையில் வந்தாலும் விழுங்கிக்கொண்டு, பூனை மாதிரி நடந்து வந்து பின்னால் நிற்பாராம். மேடம் என்னிடம் வந்து தலையில் அடித்துக்கொண்டார். "முன்னாடியாவது வர்றது தெரியும். இப்ப திடீர்னு திரும்பினா நிக்கிறாரு. உசிரே போகுது கண்ணு!" ஒருநாள் சாப்பிடும்போது ஐயாவே, "அந்தப் பரிசு குடுக்குற இடம் வருதே, நான் நெசமாவே உன் பேரக் கேட்டேனா?" என்று கேட்டாராம். கதைதானே நைனா என்று மேடம் சமாளித்தார். "கேட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டு ஐயா மோர் ஊற்றிக்கொண்டார்.

அடுத்த பதிப்பில் பயம் என்றே சரியாக வந்தது. எங்கள் பக்கத்தில் எந்தப் பதிப்பைக் கேட்டாலும் "ஐயா பொண்ணு எய்தின பயம்" என்றுதான் கேட்டார்கள், ஆகவே யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

எல்லாம் போய் ரொம்பக் காலம் ஆகிவிட்டது. ஐயா போனார். அவர் போன அன்றைக்கு உத்திரமேரூரில் ஒரு கடைகூடத் திறக்கவில்லை. திருப்புலிவனத்து வீடு பங்காளிகளுக்குள் பிரிந்து, கைமாறி, இடிந்தது. கன்னியப்பன் அண்ணனும் இல்லை. அச்சகம் இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் செய்கிறார்கள். மேடம் நிறைய எழுதினார், பெரிய பெரிய பரிசெல்லாம் வாங்கினார். இப்போதும் கையால்தான் எழுதுகிறார். இப்போதும் நான்தான் கொத்திக் கொடுக்கிறேன்.

போன மாதம் காஞ்சிபுரம் பக்கத்தில் ஒரு காலேஜில் கூப்பிட்டிருந்தார்கள், துணைக்கு நானும் போனேன். ஒரு பெண் மைக்கில் வந்து, "எழுத்தாளர் மங்கையர்க்கரசி அவர்களை வரவேற்கிறோம்" என்றாள். அவ்வளவுதான், நிறுத்திவிட்டாள். அப்புறம் நாவல்களின் பெயரைச் சொன்னாள், பரிசுகளைச் சொன்னாள், வேறு யார் பெயரும் வரவில்லை. மேடம் மேடையிலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். கேள்வி நேரத்தில் இன்னொரு பெண் எழுந்தாள். "மேம், பயம் நாவல்ல வர்ற அப்பா கேரக்டர் செம. அந்த மாதிரி ஒருத்தர எப்படி மேம் கற்பனை பண்ணீங்க?"

மேடம் தண்ணீர் குடித்தார். "கற்பனை இல்லம்மா. எங்கப்பாதான்" என்று சொல்லி ஐயாவின் பெயரைச் சொன்னார். முழுப் பெயரையும், இனிஷியலோடு.

"ஓ! அவரும் ரைட்டரா மேம்?" என்றாள் அந்தப் பெண்.

காலேஜில் கார் தருகிறேன் என்றார்கள். மேடம் வேண்டாம் என்றுவிட்டார். வீடு இருந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று உத்திரமேரூர் பஸ்ஸில் ஏறினோம். திருப்புலிவனத்தில் ஐயா இருந்த காலத்தில் அந்த வீட்டு வாசலில் பஸ் நிற்கும், ஐயா வூடு என்றே அந்த நிறுத்தத்துக்குப் பெயர். மேடம் கண்டக்டரிடம் நோட்டை நீட்டி, "ஐயா வீட்டு ஸ்டாப்பிங், ரெண்டு" என்றார்.

"எந்த ஐயாம்மா?" என்றார் கண்டக்டர். சின்ன வயசுக்காரர், முகத்தில் மரியாதை இருந்தது.

"திருப்புலிவனத்துலப்பா. ரோட்டு மேல பெரிய வீடு இருந்ததே."

"அங்க வூடு ஒண்ணும் இல்லியேம்மா. பிளாட் போட்டு வெச்சிக்கிறாங்க. பெட்ரோல் பங்க்ல எறக்கி வுடட்டா?"

மேடம் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். ஓடுகிற பஸ்ஸில், இந்த வயசில். "டில்லியில மந்திரியா இருந்தாரேப்பா. இந்த ரோடே அவர் போட்டதுதான்" என்றார். வண்டி நிறைய ஜனம். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், யாராவது ஆமாம் என்று சொல்வார்களா என்று. எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடம் குரல் உயர்ந்தது. "நான் அவரோட பொண்ணு. ஐயா பொண்ணு!"

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த இரண்டு சொற்களை நான் கேட்டதே இல்லை. பஸ்ஸில் நாலைந்து பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள்.

"சரிங்கம்மா" என்றார் கண்டக்டர், தன்மையாக. "ஒக்காருங்க. பிரேக் போட்டா வியுந்துடப் போறீங்க."

மேடம் உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒருத்தருக்குக்கூடத் தெரியல பாரு கண்ணு" என்றார்.

"எனக்குத் தெரியுமே மேடம்" என்றேன்.

"நீ சேத்தி இல்ல" என்று மூக்கைச் சிந்தினார். கண்டக்டர் பங்க் வருவதற்கு விசில் கொடுத்தார்.